ஊற்றில் வைத்த கால்

என் புருஷன் ஹாவ் துன்சிங்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். பாவோடிங் பட்டணத்திலிருந்து கழுதை மேல் வருவார்கள். நீள அங்கி, மண் படாத விரல்கள். "அம்மா, வாத்தியாரோட கல்வி முறையைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். நாலு வார்த்தையாம்! அந்த மனிதருக்கு ஆயுசு முழுக்கக் கஞ்சி காய்ச்சிப் போட்டவள் நான். எனக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா?

"சொல்றேன். ஆனா முழுசாக் கேக்கணும். பாதியில எழுந்து போகக்கூடாது" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். முதல் பாதியைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, இரண்டாம் பாதி வரும்போது வெயில் ஏறிவிட்டது என்று கிளம்பிவிடுகிறார்கள்.

நான் லுவான் வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவரும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார். விடியுமுன் எழுந்து புத்தகத்தின் முன் ஆடிக்கொண்டே ஓதுவார். சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குப் போவார், தோற்றுத் திரும்பி வருவார், மறுபடி ஓதுவார். ஒரு வருஷம் சோளம் கதிர் விடும் நேரத்தில் வெட்டுக்கிளி வந்தது. வானம் இருட்டிவிட்டது. என் மாமியார் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடினாள். நான் தகரத்தைத் தட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து, பஞ்ச காலத்தில் அரசன் செய்ய வேண்டியது என்ன என்று ஒரு கட்டுரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

மாமியார் திரும்பி வந்தாள். முகமெல்லாம் கீறல். மகன் எதிரே நின்று கேட்டாள்: "ஏண்டா, நீ படிக்கிற புத்தகத்துல வெட்டுக்கிளி அடிக்க ஒரு வரியாவது இருக்கா?"

அவர் புத்தகத்தை மூடினார். அதற்கப்புறம் பரீட்சைக்குப் போகவே இல்லை. பட்டணத்துப் பிள்ளைகள் இதை ஞானோதயம் என்கிறார்கள். நான் அதை மாமியாரின் வாய் என்பேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். இவர் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். கையால் செய்யாத எதைப் பற்றியும் வாய் திறக்கக்கூடாது என்று ஒரு விரதம். எரு எப்படி மக்குகிறது என்று பார்க்கக் குழிக்குள் இறங்கினார். காய்ச்சல் மருந்தை நோயாளிக்குக் கொடுக்குமுன் தானே குடித்துப் பார்த்து, இரண்டு நாள் வாந்தியெடுத்துப் படுத்தார். அம்பு விடக் கற்றுக்கொண்டார். நிலம் அளக்கக் கற்றுக்கொண்டார். கற்றதைப் பாடமாகக் கேட்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வர, வாத்தியார் ஆனார். ஒரு குளிர்காலத்தில் என்னை அடுப்படியிலிருந்து விரட்டிவிட்டு மாவு பிசைந்தார். பன்றிகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

"உனக்கு இது சிரிப்பா இருக்கு" என்றார்.

"எனக்கு மாவு போச்சேன்னு இருக்கு" என்றேன்.

ஊரின் மூத்தவர் சூய். அவர் அந்தப் பரீட்சையில் கீழ்ப்பட்டம் வாங்கியவர், படிப்பாளி. வாசலில் நின்று கேலி செய்வார். "துன்சிங், பழைய முனிவர்கள் எருக்குழியிலயா இறங்கினாங்க?"

"கோவேறு கழுதையோட பின்னங்கால் எவ்வளவு தூரம் எட்டும்னு புத்தகம் சொல்லாதுங்க, பெரியவரே. உதை வாங்கினவன்தான் சொல்லுவான்."

"அப்போ நீ வாங்கியிருக்கே போல!"

"மூணு தடவை. காட்டட்டுமா?" என்று என் புருஷன் அங்கியைத் தூக்கப் போவார். சூய் சிரித்துக்கொண்டே ஓடிவிடுவார். அப்படி ஒரு சிநேகம்.

ஆனால் டாங் ஆறு பொங்கினால் அதே சூய்தான் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். எங்கள் ஊர் ஆற்றின் மேல்வரத்துப் பக்கம் இருக்கிறது. ஆற்றுப்போக்கில் கீழே, செங்கல் சூளைக்கு அந்தப் பக்கம், கீழ்ப்பள்ளம் என்கிற ஊர். அது நான் பிறந்த ஊர். என் தம்பி தாஷுவான் அங்கேதான் இருந்தான். வெள்ளத்தைத் தடுக்க இரண்டு ஊருக்கும் ஒரே மண் கரை. ஆறு வளையும் இடத்தில் ஒரு பெரிய எலம் மரம் நிற்கும், அந்த எலம் மரத்து வளைவில் உடைந்தால் எங்களுக்கு. சூளைப் பக்கம் உடைந்தால் கீழ்ப்பள்ளத்துக்கு.

கரை பார்ப்பதில் என் புருஷனுக்கு நிகர் இந்தப் பக்கத்தில் இல்லை. புகழ்ச்சிக்குச் சொல்லவில்லை, அது நிஜம். ஆறு ஏறும்போது கரைக்குப் பின்னால் தரையில் ஊற்று கிளம்பும். தெளிந்த தண்ணீர் வந்தால் பயமில்லை, கரை வியர்க்கிறது என்று விட்டுவிடலாம். மணலோடு வந்தால் கரையின் வயிறு உள்ளே கரைகிறது என்று அர்த்தம். உடனே அதைச் சுற்றிச் சோளத்தட்டைக் கட்டும் மண் மூட்டையும் போட்டு வளையம் கட்ட வேண்டும். மழையில் எல்லாம் கலங்கிக் கிடக்கும்போது கண்ணால் பார்த்து என்ன தெரியும்? இவர் காலணியைக் கழற்றி வெறுங்காலை ஊற்றுக்குள் வைப்பார். கண்ணை மூடுவார். விரல் இடுக்கில் மணல் உரசுகிறதா என்று பார்ப்பார். சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடமாட்டார்கள். பிறகு ஒரு சொல் வரும்: "தெளிவு." அல்லது "மணல்."

மற்றவர்களையும் கால் வைக்கச் சொல்லிப் பார்த்தார். ஒருவன் மணல் என்பான், ஒருவன் இல்லை என்பான், ஒருவன் கூச்சமாக இருக்கிறது என்று குதிப்பான். இவருக்குப் பொறுமை போய்விடும். "தள்ளுங்கடா" என்று தானே இறங்கிவிடுவார். ஊர்க்காரர்களுக்கும் அது சௌகரியமாகிவிட்டது. பாரமும் அவர் தலையில், பழியும் அவர் தலையில்.

முதல் பாதி இதுதான். இப்போது கேளுங்கள்.

பெரிய வெள்ளம் வந்த வருஷம் நாலாம் மாதத்தில் என் மாமியார் செத்துப்போனாள். இருமிக்கொண்டே வெங்காயம் நட்டாள், நட்டு முடித்துப் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. இவர் மருந்து கொடுத்தார். கேட்கவில்லை.

பெற்றவள் போனால் மகன் மூன்று வருஷத் துக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சாஸ்திரம் சொல்கிறது. மூன்று நாள் பட்டினி. பிறகு காலையில் ஒரு கைப்பிடித் தினை, மாலையில் ஒரு கைப்பிடித் தினை, அதுவும் கஞ்சியாக. சணல் துணி, ஊன்றுகோல், சமாதிக்குப் பக்கத்தில் குடிசை, வைக்கோல் படுக்கை, தலைக்கு மண்கட்டி. வேறு காரியம் பேசக்கூடாது. அடக்கம் முடிந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் கூட்டிக்கொள்ளலாம். யார் இதையெல்லாம் செய்கிறார்கள்? சூய் பெரியவர் தன் அப்பாவுக்குச் சணல் துணிதான் கட்டினார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் பன்றிக்கறி தின்றார். ஊருக்கே தெரியும்.

என் புருஷனால் அப்படி முடியுமா? சடங்கும் கையால் காலால் செய்து அறிய வேண்டியதுதான் என்று ஊரெல்லாம் சொன்னவர் ஆயிற்றே. புத்தகத்தில் படித்துவிட்டு வீட்டில் கறி தின்பவர்களைக் கிழிகிழி என்று கிழித்தவர். அடக்கம் முடிந்த பின்பும் கைப்பிடிக் கஞ்சியை விட்டு மாறவில்லை. "துக்கம் குறையல, சாப்பாடு மட்டும் எப்படிக் கூடும்?" என்றார். நான் கொண்டுபோன அப்பத்தை அப்படியே திருப்பி அனுப்பினார். வேளை தவறாமல் ஒப்பாரி வைத்துக் குரல் போய்விட்டது. கன்னம் ஒட்டிப்போய், கால் மட்டும் வீங்கிக்கொண்டே வந்தது.

"காலைப் பாருங்க, பூசணிக்காய் மாதிரி இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்."

"அத்தை இருந்தா உங்களை இப்படிக் கெடக்க விடுவாளா? துடைப்பத்தால அடிச்சு எழுப்புவா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெற்றவள் மேல் அவ்வளவு உயிர். நான் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏழாம் மாதம் மழை பிடித்தது. மலைப்பக்கத்தில் கொட்டி, ஆறு மஞ்சளாக ஏறி வந்தது. சூய் குடிசை வாசலில் போய் நின்று கூப்பிட்டார். இவர் உள்ளிருந்தே, "தாய் துக்கத்துல இருக்கிறவனுக்குக் கரை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் தண்ணீர் இன்னும் ஏறியது. என் தம்பி தாஷுவான் கீழ்ப்பள்ளத்திலிருந்து வந்தான், இடுப்பு வரை சேறு.

"அக்கா, சூளைப் பக்கம் ஒரு ஊத்து கெளம்பியிருக்கு. எலம் வளைவுலயும் ஒண்ணு. தட்டைக் கட்டு ஒரு இடத்துக்குத்தான் தேறும். எதுக்குப் போடறதுன்னு தெரியல. மாமா வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

சின்ன வயதிலேயே வரிந்து கட்டிச் சிறுத்துப்போன என் காலோடு சேற்றில் தட்டுத்தடுமாறிக் குடிசைக்குப் போனேன். போகும்போதே எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"நல்லா இருக்குங்க உங்க படிப்பு!" என்றேன். "கையால செய்யாதது அறிவே இல்லைன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. இப்ப உங்க கை என்ன செய்யுது? ஊன்றுகோலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. நான் பொறந்த ஊர்ல அத்தனை பிள்ளைங்க இருக்கு. என் தம்பி வெளியில நின்னு அழுவுறான். செத்தவளுக்குக் கஞ்சி குடிக்கிறீங்க, உயிரோட இருக்கிறவங்களுக்கு யாரு?"

அவர் மண்கட்டியில் கையூன்றி எழுந்தார். இரண்டு அடி வைத்தார், விழுந்தார்.

தாஷுவான் குனிந்து அவரை முதுகில் ஏற்றிக்கொண்டான். சணல் துணியோடு, துக்கக் கோலத்தோடு. என்னைப் பார்த்துச் சிரித்தான். "உன் புருஷன் கனமே இல்லக்கா. ஒரு தட்டைக் கட்டு இதைவிடக் கனம்" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான், சாவு வீட்டிலும் ஒரு சிரிப்பு வரவழைப்பான்.

நான் பக்கத்து வீட்டு வண்டியில் கஞ்சிப் பானைகளை ஏற்றிக்கொண்டு எலம் மரத்தடிக்குப் போனேன். அங்கிருந்து சூளை வரை பார்க்கலாம். தம்பி அவரைச் சுமந்துகொண்டு கரைமேல் நடந்தான். இவருக்குக் குரல் இல்லை, தம்பியின் காதில் சொல்வார், தம்பி ஊருக்குக் கேட்கக் கத்துவான். "மூட்டையை அங்க போடாதே! இங்க!" என்று கத்திக்கொண்டே இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி போனார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனிப் பயமில்லை என்று நினைத்தேன். மடச்சி.

எலம் வளைவு ஊற்றில் தண்ணீர் குமுறிக்கொண்டிருந்தது. அதில் மணல் இருப்பது எவனுக்கும் தெரியும். சூளைப் பக்கத்து ஊற்றுதான் சந்தேகம். தம்பி அவரை இறக்கி உட்கார வைத்தான். யாரோ காலணியைக் கழற்றினார்கள். வீங்கிய அந்தக் காலை ஊற்றுக்குள் விட்டார். கண்ணை மூடினார். மழையில் எல்லோரும் நின்றார்கள். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் பிடித்தது.

"தெளிவு" என்று தம்பி காதில் சொன்னார்.

தம்பி கத்தினான், "தெளிவாம்! எல்லாரும் எலம் மரத்துக்கு வாங்க!" கீழ்ப்பள்ளத்து ஆட்களே முதலில் ஓடி வந்தார்கள். தங்கள் பக்கம் பயமில்லை என்ற சந்தோஷம். இருக்கிற தட்டை, மூட்டை எல்லாம் எலம் வளைவில் போட்டு வளையம் கட்டினார்கள். என் கையால் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினேன். தம்பி இரண்டு கிண்ணம் குடித்தான்.

பொழுது சாயும் நேரம் சூளைப் பக்கம் பெரிய மரம் முறிவது போல ஒரு சத்தம். கரை அங்கே இல்லை. தம்பி என் புருஷனைத் தூக்கி எலம் மரத்து மேட்டில் வைத்தான். "அக்கா, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கீழ்ப்பள்ளத்துப் பக்கம் ஓடினான். "டேய், போகாதேடா!" என்று நான் கத்தியது அவனுக்குக் கேட்கவே இல்லை. அவன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் முதல் சத்தத்திலேயே சூளையின் உச்சிக்கு ஏறிவிட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. வீட்டுக்குள் போய்த் தேடியிருக்கிறான். தண்ணீர் வடிந்தபின் சோளக்கொல்லையில் கிடைத்தான்.

எத்தனையோ பேர் போனார்கள். என் தம்பியைப் பற்றி மட்டும் சொல்கிறேன் என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து செங்கல்லால் கட்டிய படுக்கைத் திண்ணையில் கிடத்தினோம். குடிசைக்குத் திரும்பப் போகவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலைக் கழுவிவிட்டேன். உள்ளங்காலில் ஒரு சோளத்தட்டைச் சிராய், விரல் நீளம், சதைக்குள் இறங்கியிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்தேன். ரத்தம் வந்தது. மனிதர் முகம் சுளிக்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

என் கை நின்றுவிட்டது. "வலிக்கலையா?"

ஊசியால் வேண்டுமென்றே இன்னொரு இடத்தில் குத்தினேன். அவருக்குத் தெரியவே இல்லை.

"எப்பலேர்ந்து இப்படி?"

"குடிசையிலயே" என்றார். "கணுக்காலுக்குக் கீழே செத்துப்போச்சு."

"அப்ப ஊத்துல வெச்சப்போ?"

"ஒண்ணும் தெரியல. தண்ணி ஜில்லுன்னு இருக்கறதுகூடத் தெரியல."

"பின்ன எதுக்குத் தெளிவுன்னு சொன்னீங்க?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க" என்றார்.

அந்த வெந்நீர்ப் பாத்திரத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். கவிழ்க்கவில்லை. தரையில் வைத்தேன். வாழ்நாள் முழுக்கத் தொடாததைப் பேசாதே, தொடாததைப் பேசாதே என்று மற்றவர்களை விரட்டிய மனிதர். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சொல். "இதை என்கிட்டச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல" என்றேன். "யாருக்குச் சொல்லணுமோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

போனார். அதை நான் மறுக்க மாட்டேன். நிற்கத் தெம்பு வந்ததும், ஊரார் முன்னோரைக் கும்பிடும் கூடத்து வாசலில், இரண்டு ஊர் ஆட்களும் கூடியிருந்தபோது எழுந்து சொன்னார். காலில் உணர்ச்சி இல்லை என்று தெரிந்தே சொன்னேன் என்றார். யாரும் ஏசவில்லை. அதுதான் கொடுமை. சூய் எழுந்து, "ஆனைக்கும் அடி சறுக்கும், துன்சிங். ஆறு பண்ணினதுக்கு நீ என்ன பண்ணுவே? தாய்க்குச் செஞ்ச கடமையில கால் போச்சு. இதைவிடப் பெரிய மகன் யாரு?" என்றார். ஊரும் ஆமாம் போட்டது. அவர்களுக்கு வாத்தியார் வேண்டும், அடுத்த வெள்ளத்துக்கு. அதனால் அவர் சொன்னதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

காதில் போட்டுக்கொண்டவள் ஒருத்திதான். என் தம்பி பெண்டாட்டி, நிங் வீட்டுப் பெண். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். எல்லோரும் கலைந்தபின் இவரிடம் வந்தாள்.

"சொல்லிட்டீங்க அண்ணே. இப்ப என் கொல்லையில இடுப்பு உயரம் மணல் கெடக்கு. அதை அள்ள ஆள் இல்ல."

மறுநாளே இவர் மண்வெட்டியோடு போனார். கால் இன்னும் சரியாகவில்லை. இரண்டு கோலை ஊன்றிப் போவார், உட்கார்ந்தபடியே அள்ளுவார். இலையுதிர் காலம் பூராவும் போனார், தரை உறையும் வரை போனார், பனி உருகியதும் மறுபடி போனார். தாய் துக்கம் முடியும் முன் வேறு வேலை செய்கிறானே என்று பட்டணத்துப் படிப்பாளிகள் சிலர் ஏளனமாகப் பேசினார்களாம். இவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. பாடம் கேட்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். நான் கட்டிக்கொடுத்த அப்பத்தைத் தின்றுவிட்டு மணல் அள்ளினார். கொல்லையின் பழைய கருப்பு மண் தெரிய ஆரம்பித்தது. வசந்தத்தில் அதில் தினை விதைக்கலாம் என்று ஆயிற்று. எனக்குக்கூட, ஏதோ ஒரு கணக்குத் தீர்ந்துகொண்டு வருகிறது என்று ஒரு நினைப்பு.

ஒரு சாயங்காலம் சீக்கிரம் திரும்பி வந்துவிட்டார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். முற்றத்தில் நின்றபடியே சொன்னார்.

"இனிமே வராதீங்கன்னு சொல்லிட்டா."

"யாரு, நிங்கா? ஏன், நீங்க என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல. கொல்லை சுத்தமாச்சு, நன்றின்னு கும்பிட்டா. அப்புறம் சொன்னா." அவள் சொன்னதை அப்படியே சொன்னார்: "'போதும் அண்ணே. நாளைக்கு வராதீங்க. உங்களைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவரு முதுகுல நீங்க இருக்கறதுதான் தெரியுது.'"

நான் அடுப்பருகில் இருந்தேன். திரும்பி அவரைப் பார்க்கவில்லை. எனக்கும் அதுதானே தெரிந்துகொண்டிருந்தது, அத்தனை மாதமும், ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தை நீட்டும்போது. அவள் வாய்விட்டுச் சொன்னாள், நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். அந்த மனிதர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவ சொன்னபடி செய்யுங்க" என்றேன். "போகாதீங்க."

மறுநாள் விடிந்தது. அவர் கை கால் கழுவிவிட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். செய்ய ஒன்றுமில்லை. நான் தினை புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்தே இருந்தார்.